டவர் கிடைத்தவரின் தீர்ப்பு

இணையம் இல்லாமல் பணம் செலுத்தும் வசதி நமக்குத் தேவையே இல்லை என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவருடைய ஃபோனில் எப்போதும் முழு டவர் கிடைக்கிறது போலிருக்கிறது. வாழ்க. அந்த மகிழ்ச்சியில் நாட்டுக்கே தீர்ப்பு எழுதிவிட்டதுதான் சிக்கல்.

5ஜி ஊரெங்கும் வந்துவிட்டதாம். மீறி எங்காவது நெட் இல்லையென்றால் யூபிஐ லைட் இருக்கிறதாம், *99# இருக்கிறதாம். அதுவும் போனால் கையில் காசு இருக்கிறதாம். இதற்குமேல் கேட்டால் மோசடி பெருகுமாம்.

யூபிஐ லைட் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். 2022 செப்டம்பரில் வந்த அந்த வசதி, பின் நம்பர் கேட்காமல் சிறு தொகையை அனுப்ப உதவுகிறது. பணம் ஃபோனிலேயே கழிந்தாலும், கடைக்காரர் கணக்கில் சேர நெட் வேண்டும். நெட்டே இல்லாமல் ஃபோனோடு ஃபோனை ஒட்டிப் பணம் மாற்றுவது லைட் எக்ஸ். அது 2023 செப்டம்பரில்தான் அறிமுகமானது. அதற்கு இரண்டு பக்கமும் என்எஃப்சி (அருகில் வைத்தாலே தொடர்புகொள்ளும் நுட்பம்) உள்ள ஃபோன் வேண்டும். தள்ளுவண்டியில் காய் விற்பவரிடம் இருப்பதோ அட்டையில் ஒட்டிய கியூஆர். இந்த இடைவெளியைப் பற்றி எழுதியிருந்தால் அது உருப்படியான விமர்சனம். அவரோ இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, தீர்ந்துபோன பிரச்சினையைக் கிளறுவதாக நம்மைக் கண்டிக்கிறார்.

டயல் செய்து பணம் அனுப்பும் *99#க்கு டேட்டா வேண்டாம், டவர் வேண்டும். பட்டன் ஃபோனுக்காக 2022 மார்ச்சில் வந்த 123பே சேவைக்கும் பெரும்பாலும் அதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது பல பகுதிகளில் மின்சாரமும் போனது, டவரும் போனது. கடையில் பால் பாக்கெட் இருந்தது, வாங்குபவர் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது, இரண்டும் சந்திக்க வழியில்லை. காசு எடுக்கலாமே என்கிறார். கரண்ட் இல்லாத ஏடிஎம்மில் எப்படி எடுப்பது என்று அவரே ஒரு செயல்முறை விளக்கம் தரட்டும்.

சரி, புயலை விடுவோம். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் புயல் எதுவும் இல்லை. ஃபோனில் 5ஜியும் இருந்தது. யூபிஐதான் நாடெங்கும் தடுமாறியது. “சர்வர் டவுன்ண்ணா, கேஷ் இருந்தா குடுங்க” என்று கடைக்காரர் சொல்லும்போது, குறை டவரில் இல்லை. ஒவ்வொரு டீக்கும் எங்கோ இருக்கும் கணினியைக் கேட்டே ஆக வேண்டும் என்ற அமைப்பில் இருக்கிறது.

இனி அவருடைய பிரம்மாஸ்திரம்: மோசடி. ஆன்லைன் மோசடிக்குப் பேர்போன ஜாம்தாராவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இங்கே இருப்பவரின் சேமிப்பை வழித்தெடுப்பது எதன் வழியாக? போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவது எதன் வழியாக? எல்லாம் முழு இணைய வசதியோடு நடக்கும் திருட்டு. இணையமில்லாப் பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் வகுத்த விதியோ, கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்த இருப்பு 2,000 என்று தொடங்கிய உச்சவரம்பு, பின்னர் உயர்ந்து, 2024 டிசம்பரில் யூபிஐ லைட்டுக்கு 1,000, 5,000 என்று ஆனது. மறுபடி பணம் ஏற்றுவது ஆன்லைனில்தான் முடியும். திருடனுக்கு இதைவிடக் கஞ்சத்தனமான ஏற்பாட்டை யார் செய்து தர முடியும்?

ஒரே பணத்தை இரண்டு கடையில் செலவழித்துவிட்டால் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்கான விடையும் பழையது. ஹாங்காங்கில் ஆக்டோபஸ் அட்டை 1997இல் வந்தது, ஜப்பானில் சுய்க்கா 2001இல். இருப்புத் தொகை அட்டையின் சிப்புக்குள் இருக்கிறது. கருவியும் அட்டையும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்ட பிறகே தொகை கழிகிறது. கணக்கு பிறகு மையத்துக்குப் போகிறது. நகலெடுக்க முடியாதபடி சிப்பைப் பூட்டுவதே இதன் அடிப்படை. அப்படியும் ஒருவன் உடைத்தால் கிடைக்கப்போவது சில ஆயிரம். அட்டை தொலைந்தால் அதிலுள்ள பணமும் போகலாம், மணிபர்ஸ் தொலைந்தால் போவதைப் போல. அதை மறைக்க வேண்டியதில்லை.

இதைப் பார்க்க அவர் ஹாங்காங் போக வேண்டாம். 2023 முதல் மெட்ரோவில் சிங்காரச் சென்னை அட்டை இருக்கிறது, 2025 முதல் மாநகரப் பேருந்திலும் வந்திருக்கிறது. கண்டக்டர் கருவியை நீட்டுகிறார், பயணி அட்டையை ஒட்டுகிறார், டிக்கெட் வருகிறது. ஓடும் பேருந்தில், கூட்டத்துக்கு நடுவே, வங்கி சர்வரின் பதிலுக்காக யாரும் காத்து நிற்பதில்லை. சில்லறைச் சண்டையும் இல்லை. வீட்டில் ஆன்லைனில் ஏற்றிய பணத்தை, அட்டையை ஒரு கருவியில் வைத்து அதற்குள் இறக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். எரிச்சலைத் திருத்தலாம்.

கட்டுரையின் கடைசியில், கடைக்காரருக்கு நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு, விடையே இல்லாத கேள்வியை எறிந்துவிட்ட தோரணையில் முடிக்கிறார். 2022ஆம் ஆண்டின் அதே விதியில் விடை இருக்கிறது: வணிகர் தரப்பில் தொழில்நுட்பக் கோளாறோ பாதுகாப்புக் குறையோ ஏற்பட்டால், முழுப் பொறுப்பும் அந்த வணிகரைச் சேர்த்துக்கொண்ட வங்கி அல்லது நிறுவனத்துடையது. படிப்பதற்கு இணையமும் இருந்திருக்கும், டவரும் இருந்திருக்கும்.