ஆட்டோகிராஃபுக்கு மவுண்ட்: நாமே வெட்டலாம்

காந்திஜி தம் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கி, அதை ஹரிஜன நிதியில் சேர்ப்பார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படி வாங்கிய தாளோ, கச்சேரி முடிந்து மேடையோரம் காத்திருந்து வாங்கிய எம்.எஸ். அம்மாவின் கையெழுத்தோ, சில வீடுகளில் இன்னமும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. காமராஜர் 1975-லேயே போய்விட்டார். எம்.எஸ். 2004-ல் மறைந்தார். இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது? இருக்கிற ஒரு தாளைக் காப்பாற்றுவதுதான் நம்மால் ஆகிற காரியம்.

"கடையில் கொடுத்தால் கண்ணாடி போட்டுத் தரமாட்டார்களா?" என்று கேட்பீர்கள். நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் ஓர்ப்படி வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அவள் அப்பா காமராஜரிடம் கையெழுத்து வாங்கி, அதன் கீழே பொடி எழுத்தில் ஊரும் தேதியும் குறித்து வைத்திருந்தார். ஃப்ரேமுக்குப் பெரிசாக இருக்கிறது என்று கடைக்காரர் அடியில் ஒரு விரற்கடை நறுக்கிவிட்டார். மிச்சத்தை ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டியும் விட்டார். கையெழுத்து மட்டும் இருக்கிறது. எந்த ஊர், என்றைக்கு என்று சொல்ல அந்த அப்பா இப்போது இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், என் மாமியார் வைத்திருந்த எம்.எஸ். கையெழுத்துக்கு நானே மவுண்ட் வெட்டுவது என்று முடிவு கட்டினேன்.

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் அட்டை. அது அழகுக்கு மட்டும் இல்லை. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவதுதான் அதன் முக்கியமான வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோக்கும். தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் மை கரையும். போட்டோவாக இருந்தால் கண்ணாடியோடு ஒட்டியே போகும்.

அட்டை வாங்கும்போது 'அமிலமில்லாத மவுண்ட் போர்டு' என்று கேட்டு வாங்குங்கள். ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாதாரண அட்டையில் இருக்கும் அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். சிவப்பு, பச்சை என்று அடிக்கிற நிறம் வேண்டாம். சந்தன வெள்ளையே எடுப்பாக இருக்கும். பருத்தித் துணிக் கழிவில் செய்யும் கைக்காகிதம் ஒரு தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி ஆசிரமக் காகிதம் இந்த வகைதான்.

இனி அளவு. தாள் 5 அங்குல அகலம், 4 அங்குல உயரம். ஃப்ரேம் 10-க்கு 8 என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் நாலு பக்கமும் தாளைக் கால் அங்குலம் மூட வேண்டும். ஆகவே ஜன்னல் 4½-க்கு 3½. இரண்டு பக்கமும் 2¾ அங்குலம், மேலே 2, கீழே 2½ விடுங்கள். கீழே அரை அங்குலம் கூட விட்டால்தான் பார்வைக்குச் சரியாக இருக்கும். சமமாக விட்டால் படம் கீழே இறங்கின மாதிரி தெரியும். எழுத்து தாளின் ஓரம் வரை ஓடியிருந்தால் ஜன்னலைப் பெரிசாக்குங்கள். தாளை மட்டும் நறுக்கவே நறுக்காதீர்கள்!

கோடுகளை அட்டையின் பின்பக்கம் பென்சிலால் போடுங்கள். அடியில் பழைய காலண்டர் அட்டை ஒன்றை வையுங்கள். இரும்பு ஸ்கேலை ஓர அட்டையின் மேல், கோட்டை ஒட்டி வைத்து அழுத்திப் பிடியுங்கள். கத்தி வழுக்கினாலும் தூக்கிப் போடும் நடுத்துண்டில்தான் கீறல் விழும். புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், லேசாக ஐந்தாறு தடவை இழுங்கள். மூலைதான் சிரமம். மூலையில் ஆரம்பித்து நடுவரை இழுத்து, அட்டையைத் திருப்பி எதிர் மூலையிலிருந்து வந்து சேருங்கள். கொஞ்சம் நார் பிடித்திருந்தால் பிய்க்காமல் பிளேடு நுனியால் அறுத்துவிடுங்கள். கடையில் போடும் சாய்வு வெட்டுக்குத் தனிக் கருவி வேண்டும். நம் வீட்டுக்கு நேர்வெட்டே போதும். முதலில் வேஸ்ட் அட்டையில் இரண்டு தடவை வெட்டிப் பழகிக்கொண்டால் கை நிற்கும்.

தாளில் பசையோ, செலோ டேப்போ படவே கூடாது. லாமினேஷனும் வேண்டாம்; பிறகு பிரிக்கவே முடியாது. அதற்குப் பதில் மூலைப் பைகள் செய்யலாம். கைக்காகிதத்தில் 8 மில்லிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் நீளத்தில் நாலு பட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளையும் நடுவில் சேர மடக்கினால் முக்கோணப் பை வரும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். மடிப்பு இருக்கிற பக்கத்தைப் பின் அட்டையில் ஒட்டி, காய்ந்த பிறகு தாளின் மூலைகளைச் செருகுங்கள். ஜன்னல் ஓரம் பைகளை மறைத்துவிடும். தாள் எப்போது வேண்டுமானாலும் அலுங்காமல் வெளியே வரும். ஒட்டுவதற்கு மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் போதும். பூச்சிக்காக பைண்டிங் கடைகளில் போடும் மயில்துத்தத்தை இதில் சேர்க்காதீர்கள், அது காகிதத்தை அரித்துவிடும்.

பின் அட்டையும் மவுண்ட் அட்டையும் ஒரே ரகமாக இருக்கட்டும். இரண்டையும் மேல் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையால் இணைத்தால் புத்தகம் மாதிரி திறக்கும். அதன் பின்னால்தான் ஹார்டுபோர்டு. கடைசியில் ஃப்ரேமின் பின்பக்கத்தைப் பழுப்புக் காகிதத்தால் மூடி ஒட்டிவிட்டால் தூசியும் ராமபாணப் பூச்சியும் எளிதில் நுழையாது.

மாட்டுகிற இடத்தையும் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். நீல மையும் அப்படித்தான். வெளுத்தது திரும்பாது. வெயில் விழும் சுவர், மழையில் ஊறும் வெளிச்சுவர், சமையலறைப் பக்கம் எதுவும் ஆகாது. ஃப்ரேமின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் காற்றாடும். ரொம்ப அபூர்வமான கையெழுத்தாக இருந்தால் கலர் பிரதி எடுத்து அதை மாட்டுங்கள். அசலைக் கைக்காகிதத்தில் சுற்றி பீரோவில் வைக்கலாம்.

இன்னொன்று. யார், எப்போது, எங்கே வாங்கியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டுத் தனிச் சீட்டில் எழுதி, பின் அட்டைக்குப் பின்னால் வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிக்கொண்டால்தான் உண்டு.