மூன்று கேம்ப்பும் ஒரு சம்பந்தமும்

கேம்ப் என்ற சொல்லுக்கு என்ரை வாழ்க்கையில் மூன்று அர்த்தம் இருக்கிறது.

முதலாவது அகதி முகாம். 1990 ஆனியில் மயிலிட்டியில் இருந்து எழும்பி ஓடினபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் கிடுகுக் கொட்டிலும் தறப்பாளுமாகத்தான் வளர்ந்தேன். இரண்டாவது லேபர் கேம்ப். துபாயில் சோனாப்பூர் என்று ஒரு இடம் இருக்கிறது. இந்தியில் தங்க ஊர் என்று அர்த்தமாம். அங்கே ஒரு அறைக்குள் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறோம். மூன்றாவது, காசு உள்ள சனம் கூடாரம் அடித்து, இறைச்சி சுட்டு, படம் எடுக்கிற கேம்ப்பிங். "வீடு வைச்சுக்கொண்டு ஏனடா வெளியில போய் மண்ணில படுக்கிறாங்கள்?" என்று என்ரை அறைக்காரன் ஒருவன் கேட்பான். முதல் இரண்டிலும் இருந்தவனுக்கு அது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் இன்றைக்கு அந்த மூன்றாவதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப்போகிறேன். கலியாணம் பேசுகிற குடும்பங்கள் முதன்முதலில் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு வீட்டு ஹாலைவிட ஏரிக்கரைக் கூடாரம் நல்ல இடம். இது என்ரை கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கடை ஆக்களின் வழமை தெரியும்தானே. ஹாலில் கதிரைகள். எந்தக் கதிரையில் யார் இருப்பது என்பதிலேயே பாதி விசயம் முடிந்துவிடும். பலகாரத் தட்டு வரும். பிறகு விசாரணை தொடங்கும். எந்த ஊர், எந்த வளவு, எத்தனை பரப்பு, அக்கா எங்கே, தம்பி எங்கே. வீடு இருப்பவன் வீட்டைக் காட்டி ஆளை மறைத்துவிடலாம். வீடு இல்லாதவன் வாய் திறக்க முதலே தோற்றுவிடுவான்.

வளைகுடாவில் இது இன்னும் மோசம். இங்கே எனக்கு ஹாலே இல்லை. குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட மாதம் 4000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3000 திர்ஹமும் கம்பனி தங்குமிடமும். ரெஸ்டோரண்டில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கோட்டைத் தொடவே வருசக்கணக்காகும். அகதி என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. அமீரகம் உட்பட எந்த வளைகுடா அரபு நாடும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்கவில்லை. 2012 ஒக்ரோபரில் கடலில் தத்தளித்த 45 ஈழத்தமிழரை ஒரு வணிகக் கப்பல் காப்பாற்றி ஜெபல் அலித் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் சிலரை மூன்றாம் நாடுகள்தான் கடைசியில் ஏற்றுக்கொண்டன. இங்கே நான் விசாவில் வெயிற்றர். அவ்வளவுதான்.

சட்டம் என்னவோ இளகிவிட்டது. கலியாணம் கட்டாத இருவர் ஒரு வீட்டில் இருப்பதைக் குற்றமாகப் பார்த்த சட்டத்தை 2020 நவம்பரில் தளர்த்தினார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சிவில் திருமணச் சட்டம் 2021இல் அபுதாபியிலும், 2023 பெப்ரவரியில் இருந்து நாடு முழுக்கவும் வந்தது. பெண்ணின் தகப்பன் சம்மதம் கேட்பதில்லை. நானும் அவவும் நினைத்திருந்தால் பஸ் ஏறிப்போய்ப் பதிந்துகொண்டு வந்திருக்கலாம். அவ மாட்டேன் என்றுவிட்டா. "எங்க ஆளுங்க உங்களைப் பாக்கணும். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா சண்டை போட்டுக்கலாம். பாக்காமலே வேண்டாம்னு சொல்ல விடக்கூடாது" என்றா. சரியான கதை.

அவ கொளச்சல் பக்கம். ஷார்ஜாவில் அண்ணர் குடும்பத்தோடு இருக்கிறா. தை மாதம் ஊரில் இருந்து பெரியம்மா, சித்தி, சித்தப்பா என்று விசிற் விசாவில் வந்திருந்தார்கள். அண்ணரின் பிளாட்டில் ஒரு அறை வேறு வாடகைக்கு விட்டிருக்கு. பன்னிரண்டு பேர் நிற்கவே இடமில்லை. அதனால்தான் அல் குத்ரா ஏரி. பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

அல் குத்ரா துபாய் நகருக்கு வெளியே பாலைவனத்துக்குள் வெட்டின செயற்கை ஏரிகள். பூநாரை எல்லாம் வந்து நிற்கும். குளிர்காலத்தில் சனம் பாயும் அடுப்புமாகப் போய்விடும். அரபிகளுக்கு இது பழைய பழக்கம். வனாந்தரத்தில் போய் இருந்து சமைத்துச் சாப்பிடுவதை கஷ்தா என்பார்கள். தமிழில் கேட்டால் கஷ்டம் மாதிரி இருக்கும், அவர்களுக்கு அது சுகம். குவைத்தில் நவம்பர் 15இல் இருந்து மார்ச் 15 வரை கூடாரம் அடிக்கிறதற்கென்றே ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். பெரிய வீடு உள்ளவனும் போய் மண்ணில் இருப்பான்.

அங்கே நடந்ததில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வேலை. அவ வீட்டில் நான் "ஹோட்டல்ல இருக்கார்" என்று சொல்லியிருந்தா. தமிழ்நாட்டில் சாப்பாட்டுக் கடையும் ஹோட்டல்தான், ஐந்து நட்சத்திரமும் ஹோட்டல்தான். சித்தப்பா ஐந்து நட்சத்திரம் பக்கம் போய்விட்டார். ஹாலில் என்றால் அதை நான் வாயால் திருத்த வேண்டும், எல்லாருக்கும் சங்கடம். இங்கே வெங்காயம் வெட்ட ஆள் தேவைப்பட்டது, நான் கத்தியை எடுத்தேன். இரண்டு கிலோ முடிய முதலே அவருக்கு விளங்கிவிட்டது. "படிச்ச பையன்னு சொன்னாங்களே" என்றார். யாழ்ப்பாணம் கம்பஸ், 2006இல் ஏ9 பாதையைப் பூட்டினதோடு நின்றது என்றேன். அவர் அதுக்குமேல் கேட்காமல் கரி அடுப்பை ஊதப் போய்விட்டார்.

இரண்டு, மீன். நாங்கள் அறுக்குளா என்பதை அவர்கள் நெய்மீன் என்கிறார்கள். தேரா மீன் சந்தையில் அதற்குப் பெயர் கனாத். மயிலிட்டியும் கரையூர், கொளச்சலும் கரையூர். துண்டு எந்தப் பருமனில் வெட்டுவது, புளி எப்போது விடுவது என்று நானும் சித்தியும் அரை மணித்தியாலம் தர்க்கப்பட்டோம். தர்க்கம் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டால் பாதி உறவு வந்த மாதிரித்தான்.

மூன்று, வீடு. அந்தக் கேள்வி ஏரிக்கரைக்கும் வந்தது. இரவுச் சாப்பாடு முடியப் பெரியம்மா கேட்டா, "ஊர்ல சொந்த வீடு உண்டா தம்பி?" இருந்தது, ஆமி எடுத்தது என்றேன். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு கொஞ்சக் காணியை விட்டார்கள், எங்கடை வளவில் இப்போது கிணறு மட்டும்தான் மிச்சம் என்றேன். ஒருவரும் கதைக்கவில்லை. பனி இறங்கத் தொடங்க, கூடாரத்துக்குள் வந்து படுக்கச் சொன்னார்கள். நான் வெளியிலேயே படுக்கிறேன் என்றேன். 2009இல் என்ரை அக்கா மெனிக் பாமில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு கூடாரம் என்று கிடந்தவ. எனக்கும் தறப்பாள் மணம் ஒத்துவராது. இதெல்லாம் விளங்கப்படுத்துகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

பெரியம்மா விளங்கப்படுத்தக் கேட்கவில்லை. "சுனாமிக்கு அப்புறம் நாங்களும் ஷெட்டுல கிடந்தோம். ஒண்ணரை வருசம். மழை பெய்ஞ்சா இன்னைக்கும் அந்தத் தகரச் சத்தம் கேக்கும்" என்றுவிட்டு, தன்ரை போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்து வெளியில் பாயில் இருந்தா. 2004 டிசம்பர் 26 கொளச்சலுக்கு என்ன செய்தது என்று நான் செய்தியில் வாசித்திருக்கிறேன். அந்த ஊர் மனுசி ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஹால் கதிரையில் இருந்திருந்தால் அவ அதைச் சொல்லியிருக்க மாட்டா. பெண் வீட்டார் தங்கடை இல்லாமையைச் சொல்லக்கூடாது என்பதுதானே அந்த ஹாலின் சட்டம்.

இதில் எதிர்க்கதையும் இருக்கு. கேம்ப்பிங் எல்லாருக்கும் ஏலாது. வாகனம் வேண்டும். லீவு வேண்டும். 2022இல் இருந்து அரசாங்க வாரவிடுமுறை சனி, ஞாயிறு. எங்களுக்கு அந்த இரண்டு நாளும்தான் கடையில் கூட்டம். கோடையில் அந்தப் பக்கம் போகவே முடியாது. இன்னொன்று, இறைச்சி சுட்டு ஆம்பிளைகள் பெயர் வாங்கினார்கள், சட்டி கழுவினது பெண்கள். நானும் கழுவினேன்தான், அதற்காக அந்த உண்மை மாறாது. கூடாரம் எல்லாவற்றையும் சரிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். இடம் பொதுவாக இருக்கட்டும், யாருடைய வீடாகவும் இருக்க வேண்டாம். எல்லார் கையிலும் ஒரு வேலை இருக்கட்டும். ஒரு மனுசன் என்ன வைத்திருக்கிறான் என்பதைப் பத்து நிமிடத்தில் விசாரித்துவிடலாம். பசியிலும் பனியிலும் எப்படி நடக்கிறான் என்று பார்க்க ஒரு இரவாவது வேண்டும். எங்கடை சனத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஏதோ ஒரு காலத்தில் வீட்டை விட்டு ஓடினதுகள். அப்படிப்பட்ட சனம் இன்னும் வீட்டை வைத்து ஆளை அளக்கிறது எனக்கு விளங்குவதில்லை.

எங்கடை பேச்சு இன்னும் முடியவில்லை. அண்ணர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெரியம்மா ஊருக்குப் போகமுதல் போன் எடுத்து, புளி கடைசியில்தான் விடவேண்டும் என்று இன்னொருதரம் சொன்னா. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற ஆட்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று செய்யுங்கள். குத்ரா தூரம் என்றால் மம்சார் பார்க் இருக்கு, பஸ்ஸிலேயே போகலாம். மாப்பிள்ளையையும் அவன்ரை ஆக்களையும் அங்கே கூப்பிடுங்கள். பரப்புக் கணக்கைப் பிறகு கேட்கலாம். முதலில் வெங்காயத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.