பேய் அல்ல, நோய்!

"நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது பழமொழி. நம்மில் பலர் பேய்க்குத்தான் முதலில் பார்க்கிறோம்!

நேற்றுவரை பள்ளிக்கூடம் போய்வந்த சிறுமி திடீரென்று உளறுகிறாள், தூங்க மறுக்கிறாள், வாயும் கையும் தாமாகவே அசைகின்றன, வலிப்பும் வருகிறது. உடனே மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். அல்லது மனக்கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இது மூளை அழற்சியாக இருக்கலாம். 2007-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜோசப் தல்மாவ் குழுவினர் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி வளர்கிறது. அதில் நரம்புத் திசுவும் இருக்கும். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள், மூளையையும் தாக்கிவிடுகிறது!

சிறுமிகளில் பலருக்குக் கட்டி இல்லாமலும் இந்நோய் வரும். ஆயினும் வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் நோய் தெரியும். கட்டி இருந்தால் அகற்றி, ஸ்டீராய்டு முதலிய மருந்துகளும் கொடுக்கிறார்கள். 577 நோயாளிகளைப் பற்றி 2013-ல் வெளிவந்த ஆய்வின்படி, சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 5-ல் 4 பேர் 2 ஆண்டுகளில் நன்கு தேறினார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்கே பலன் அதிகம்.

அரியாங்குப்பத்துத் தாய்மார்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி எட்டாத தூரமல்ல. முதலில் அங்கே போகவேண்டும். கயிறு கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!