கணக்கு வேண்டாம்னு சொல்லுச்சு, ஆனாலும் அந்தப் பெரிய பைக்கை வாங்கினேன்

போன வீடியோவில் என் பின்னாடி நின்ன பைக்கைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டீங்க. "ஆசைப்பட்டதெல்லாம் வாங்காதீங்கன்னு எங்களுக்குச் சொல்லிட்டு, நீங்க மட்டும் ஆர்15-ஐ வித்துட்டு ஹிமாலயன் 450 வாங்கலாமா சார்?" நியாயமான கேள்வி. ஒரு ரூபாய் மறைக்காம பதில் சொல்றேன்.

ஆர்15 நான் 2022 மார்ச்ல வாங்கினது. தாம்பரத்துல இருந்து ஓஎம்ஆர் ஆபீஸுக்குப் போய் வர அருமையான வண்டி. ஆனா கொல்லிமலை, வால்பாறைன்னு கிளம்பினா 200 கிலோமீட்டர் தாண்டினதும் மணிக்கட்டும் இடுப்பும் கெஞ்சும். குனிஞ்சு ஓட்டுற வண்டி அது, அதோட குணம் அப்படி. பின்னாடி உட்கார்ந்து வந்த என் மனைவி ஒரே ட்ரிப்போட கும்பிடு போட்டுட்டாங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, பையைக் கட்டி, மோசமான ரோட்டிலயும் போக ஒரு அட்வென்ச்சர் பைக் வேணும்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

ஷோரூம்ல நடந்தது

2024 மே மாசம் ஷோரூமுக்குப் போனேன். ஆன்-ரோடு 3.42 லட்சம். பழைய வண்டிக்கு 1.2 லட்சம் தர ஒருத்தர் தயார். மீதி 2.2 லட்சத்துக்கு லோன். "வட்டி வெறும் 7 பர்சென்ட் சார், மாசம் 7,400 ரூபாய்கூட வராது" என்றார்கள்.

இந்த 7 பர்சென்ட்டை நல்லா கவனிங்க. இது ஃப்ளாட் ரேட். நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சாலும், மூணு வருஷமும் முழு 2.2 லட்சத்துக்கே வட்டி போடுவாங்க. மொத்த வட்டி 46,200. வீட்டுக் கடன் மாதிரி குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டா, இதே ஈஎம்ஐ ஏறத்தாழ 13 பர்சென்ட் வட்டிக்குச் சமம். அதனால கையெழுத்துக்கு முன்னாடி "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"ன்னு கேட்டே ஆகணும்.

அன்னைக்கு நான் கையெழுத்துப் போடலை. வீட்டுக்கு வந்து, ஜூன் மாசத்துல இருந்து தனி அக்கவுண்ட்டில் மாசம் 15,000 போட ஆரம்பிச்சேன். பேரே 'பைக்'. அந்தப் பணம் சேர்ந்தா வாங்குவோம், சேராட்டி அந்த ஆசை அவ்வளவுதான்னு விட்டுட்டேன்.

நடுவுல வந்த ஆஸ்பத்திரி

பத்து மாசத்துல 1.5 லட்சம் சேர்ந்துச்சு. 2025 மார்ச்ல அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணாங்க. இன்சூரன்ஸ் போக கையில் இருந்து போனது 1.4 லட்சம். பைக் அக்கவுண்ட் அப்படியே காலி, மிச்சம் 10,000. மனைவி அப்போ வேலையில் இல்லை, என் ஒரு சம்பளம்தான். லோன் போட்டு வாங்கியிருந்தா, எமர்ஜென்சிக்குன்னு வச்சிருந்த எஃப்டியை உடைச்சிருப்பேன், கூடவே ஈஎம்ஐயும் ஓடியிருக்கும். குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்காது, உண்மைதான். ஆனா ஐசியூ வாசல்ல உட்கார்ந்து பைக் தவணைத் தேதியை நினைச்சிருப்பேன். அது நடக்கலை.

அப்புறம் ஏப்ரல்ல இருந்து பழையபடி மாசம் 15,000.

காத்திருந்ததுக்கு நான் கொடுத்த விலை

பொறுத்தவனுக்கு எல்லாமே லாபம்னு பொய் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறுச்சு. 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28-ல இருந்து 18 பர்சென்ட். 350 சிசிக்கு மேல, செஸ் சேர்த்து 31-ஆ இருந்தது 40 பர்சென்ட்.

என் மாதிரி சின்ன வண்டியில இருந்து பெரிய வண்டிக்கு மாறுறவனுக்கு இது ரெண்டு பக்கமும் அடி. பெரிய வண்டி விலை ஏறி, ஆன்-ரோடு சுமார் 3.7 லட்சம் ஆச்சு. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல போற பைக்குக்கு ஆயுள் வரி 12 பர்சென்ட், விலை ஏறினா அதுவும் ஏறும். இன்னொரு பக்கம் புது ஆர்15 விலை இறங்கினதால என் பழைய வண்டியைக் கேட்கிற விலையும் இறங்கிடுச்சு. 1.2 லட்சம் பேசினது 1.05 லட்சத்துக்குத்தான் போச்சு. வண்டி மாத்துற வித்தியாசம் 2.2-ல இருந்து 2.65 லட்சம். காத்திருந்ததுக்கு விலை 45,000 ரூபாய்.

இப்ப அசல் கணக்கு

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷக் கணக்கு போட்டேன். புது வண்டி 3.7 லட்சம், ஜாக்கெட், பூட்ஸ், சைடு பாக்ஸ் எல்லாம் 38,000. இன்சூரன்ஸ் கம்பெனி ஐடிவி கணக்குலயே அஞ்சாவது வருஷம் வண்டி மதிப்பு பாதிதான். அப்போ 1.5 லட்சத்துக்கு வித்தா, போனது 2.58 லட்சம். ஆர்15-ஐயே வச்சிருந்தா அதே அஞ்சு வருஷத்துல ஒரு 50,000 குறைஞ்சிருக்கும். வித்தியாசம் வருஷத்துக்கு 41,600.

பெட்ரோல்? நான் மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறேன். 45 கொடுத்த வண்டிக்குப் பதிலா 30 கொடுக்கும் வண்டி. லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் வருஷத்துக்கு 13,000 கூடுது. சர்வீஸ் ஒரு 5,000. மொத்தம் வருஷத்துக்கு சுமார் 60,000 ரூபாய் கூடுதல் செலவு.

இப்ப பழைய வண்டியில ஒரு வருஷத்துல எத்தனை நாள் 200 கிலோமீட்டருக்கு மேல போனேன்னு போன்ல போட்டோ தேதியை வச்சு எண்ணினேன். 14 நாள்! ஒரு நாளைக்கு 4,300 ரூபாய் ஆகுது. இதே மாதிரி பைக்கை வாடகைக்கு விசாரிச்சேன், நாளுக்கு 2,500 சொன்னாங்க. வருஷத்துக்கு 24 நாளாவது லாங் ரைடு போனாத்தான் வாங்குறது கட்டுப்படியாகும். (வாடகைக்கு எடுத்தா கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கான்னு பாருங்க. வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.)

ஆக, கணக்கு தெளிவா 'வாங்காதே' என்றது. பிப்ரவரி கடைசியில், போனஸ் 1.3 லட்சமும் சேர்த்து அக்கவுண்ட்டில் 3.05 லட்சம் ஆனதும், நான் வாங்கினேன்.

அப்போ என் கருத்து என்ன?

ஆசையை ஆசைன்னே எழுதுங்க. "ஆபீஸ் போக வசதியா இருக்கும்", "நல்ல ரீசேல் இருக்கு", "உடம்புக்கு நல்லது"ன்னு தேவை மாதிரி வேஷம் போடாதீங்க. 142 கிலோ வண்டியில இருந்து 196 கிலோ வண்டிக்கு வந்து, துரைப்பாக்கம் சிக்னல்ல காலூன்றி நிக்கிறவனுக்குத் தெரியும், இது ஆபீஸ் போற வசதிக்கு இல்லைன்னு. பைக் முதலீடும் கிடையாது. சொந்த உபயோக வண்டியை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை இன்கம் டேக்ஸ்ல எதிலயும் கழிக்க முடியாது. சம்பளக்காரருக்குத் தேய்மானமும் கிடையாது, லோன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

ஆசைக்குச் செலவு பண்றது தப்பில்லை. சேர்த்த பணத்துல பண்ணுங்க, இன்னும் வராத சம்பளத்துல பண்ணாதீங்க. ஈஎம்ஐ கட்ட முடியும்னு நம்புறவர், அதே தொகையை ஒரு வருஷம் தனியா போட்டுக் காட்டட்டும். அதுக்குள்ள நாலு தடவை எடுத்துச் செலவழிச்சிட்டீங்கன்னா உங்களுக்கு பதில் கிடைச்சிடுச்சு.

வாங்குறதுன்னே முடிவு பண்ணா ரெண்டு விஷயம். நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. பழைய வண்டியை விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியில லெட்டர் வாங்கி புது வண்டிக்கு மாத்துங்க, நான் என் 35 பர்சென்ட்டை அப்படித்தான் கொண்டுவந்தேன். அப்புறம், 350 சிசிக்கு மேல போனா அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி பிரீமியம் 7,365-ல இருந்து 15,117-க்கு ஏறும். ஷோரூம் கொட்டேஷன்ல அதைப் பார்த்து அதிர்ச்சி ஆகாதீங்க.

டிசம்பர்ல அப்பாதான் கேட்டார், "ஏம்ப்பா, பைக் வாங்கணும்னு சொல்லிட்டு இருந்தியே, என்னாச்சு?" அவர் ஆஸ்பத்திரி பில்லை எதுல கட்டினேன்னு அவருக்கு இன்னைக்கும் தெரியாது. "வாங்கலாம்ப்பா, அவசரம் இல்லை"ன்னு சொன்னேன். அந்த 45,000-ஐ நான் நஷ்டக் கணக்குல எழுதலை.