சத்தம் இல்லாத ரேசர் எதற்கு?

சென்ற ஆண்டு தந்தையர் தினத்துக்கு அப்பாவுக்கு ஒரு புது ரேசர் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து பிளேடு, முகத்துக்கு ஏற்ப வளையும் தலை, வழுக்காத ரப்பர் பிடி. விலையும் கொஞ்சம் அதிகம்தான். மறுநாள் காலையில் பார்த்தால் காதோரத்தில் ஒரு திட்டு முடி அப்படியே இருந்தது. தாடைக்குக் கீழே ஒரே இடத்தை நாலைந்து முறை இழுத்ததில் தோல் சிவந்து போயிருந்தது. மூன்றாம் நாள் அப்பா தம்முடைய பழைய ரேசருக்கே திரும்பிவிட்டார்.

"ஏன்ப்பா, புதுசு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தமே வரலடா. முடி எங்க இருக்கு, எங்க இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பல ஆண்டுகளாக இருக்கும் இனிப்பு நீர் அவருடைய விழித்திரையைப் பாதித்துவிட்டது. கண்ணாடியில் அவருக்கு முகம் தெரிவதில்லை, ஒரு நிழல்தான் தெரிகிறது. ஆனாலும் தினமும் காலையில் தாமே சவரம் செய்துகொள்கிறார். கண்ணில்லாத வேலையைக் காது செய்கிறது என்பது அறிவியல் ஆசிரியனான எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

அந்தப் பழைய ரேசரை உங்களில் பலர் தாத்தா வீட்டில் பார்த்திருப்பீர்கள். கனமான உலோகப் பிடி. மேலே ஒரு மூடி, கீழே பல் வைத்த ஒரு தட்டு, இரண்டுக்கும் நடுவில் இருபக்கமும் கூரான ஒரே ஒரு பிளேடு. பிடியைத் திருகினால் மூன்றும் இறுகிக்கொள்ளும். அந்த பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தாளின் தடிமன். இப்படிப்பட்ட மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினமாக்குவதும் கூர்மையாக்குவதும் ஒரு காலத்தில் முடியாத காரியம் என்றே பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் கழற்றி எறியும் பிளேடு என்ற யோசனை வந்தது. அதைச் செய்துகாட்டும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் விற்றன. காப்புரிமை 1904இல் கிடைத்தது. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. அதன் பிறகு அது உலகம் முழுவதும் பரவியது பெரிய ஆச்சரியமில்லை.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கன்னத்தில் இறங்கும்போது மணல்தாளைத் தேய்ப்பது போல் 'சர்ர்ர்' என்றது. மோவாய்க்கு வந்ததும் சத்தம் கரகரத்தது. அங்கே முடி தடிப்பு. அதே இடத்தில் இரண்டாம் முறை இழுத்தபோது பாதியாகக் குறைந்தது. மூன்றாம் முறை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்பா ரேசரைக் கழுவிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். கை தடவிப் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை.

ஏன் சத்தம் வருகிறது? பிளேடு ஒரு முடியைத் தொட்டவுடன் வெட்டிவிடுவதில்லை. முதலில் முடி வளைகிறது. வளைந்த முடியில் மீள்திறன் ஆற்றல் சேர்கிறது. வெட்டுப்பட்ட கணத்தில் அந்த ஆற்றல் விடுபட்டு, முடியும் பிளேடும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்கின்றன. மெல்லிய தகடு அதிர்கிறது, அது இறுகப் பிடித்திருக்கும் உலோகத் தலையும் பிடியும் சேர்ந்து அதிர்கின்றன. இரண்டாம் படிவத்தில் ஒலி அலைகள் பாடத்தில் படித்தீர்களே, அதிர்வு இல்லாமல் ஒலி இல்லை என்று. அதுதான் இது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தாடியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 30 முடி என்று வைத்துக்கொள்வோம். முகத்தைத் தொடும் பிளேடின் நீளம் 4 சென்டிமீட்டர். கை ஒரு விநாடிக்கு 3 சென்டிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஒரு விநாடியில் பிளேடு கடக்கும் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர், வெட்டுப்படும் முடி 360. அதாவது விநாடிக்கு 360 குட்டிச் 'சொடுக்கு'கள். இவ்வளவு வேகத்தில் வரும் சொடுக்குகளை நம் காதால் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் நமக்கு 'டிக் டிக்' என்று கேட்காமல் 'சர்ர்' என்று கேட்கிறது. இரண்டாம் இழுப்பில் எஞ்சிய முடி குறைவு, சொடுக்கும் குறைவு, சத்தமும் குறைவு. என் எண்களை மாற்றி நீங்களே வேறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பக்கத்தில் நின்ற எனக்கு மெல்லியதாகக் கேட்ட சத்தம் அப்பாவுக்கு நன்றாகவே கேட்கிறது. காரணம், அதிர்வு காற்று வழியாக மட்டும் போவதில்லை. தாடை எலும்பு, மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உட்காதுக்கும் போகிறது. நீங்கள் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் "இது என் குரலே இல்லை" என்று தோன்றுகிறதே, அதற்கும் எலும்பு வழி ஒலிதான் காரணம். நம்பாதவர்கள் ஒரு முள்கரண்டியை மேசையில் மெல்லத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துப் பாருங்கள்.

கைக்கும் இதில் பங்கு உண்டு. நம் விரல் தோலின் ஆழத்தில் அதிர்வை உணர்வதற்கென்றே பசினியன் எனப்படும் உணர்வு உறுப்புகள் இருக்கின்றன. விநாடிக்கு 200 முதல் 300 தடவை வரையிலான அதிர்வுகளை அவை மிக நுட்பமாக உணரும். உலோகப் பிடி அந்த அதிர்வைக் குறைக்காமல் விரலுக்குக் கொண்டுவருகிறது. ரப்பர் பிடியோ அதை விழுங்கிவிடுகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய 'வசதி' அப்பாவின் விரலையும் காதையும் அடைத்துவிட்டது.

கோணம் தவறினாலும் இந்த ரேசர் சொல்லிவிடும். மூடி மட்டும் தோலில் உருண்டால் சத்தமே இருக்காது, முடியும் போகாது. பிளேடைச் செங்குத்தாக நிமிர்த்தினால் தோலைச் சுரண்டுவது கையில் தெரியும், அது எச்சரிக்கை. முடியை நனைக்காமல் இழுத்தால் சத்தம் முரட்டுத்தனமாக இருக்கும். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. தண்ணீர் உள்ளே புகுந்தால் அந்தப் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் சில விடுபட்டு முடி மென்மையாகிறது, வெட்டுவதற்குத் தேவையான விசையும் குறைகிறது. அப்பா சவரத்துக்கு முன் வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிறுவயதில் அது சோம்பல் என்று நினைத்தேன்.

பிளேடு மழுங்குவதும் சத்தத்தில் தெரியும். மிருதுவான முடி எஃகை எப்படி மழுக்கும் என்று நீங்கள் கேட்கலாம். முடியைவிட பிளேடு எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. இதே கேள்வியோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜியான்லூக்கா ரோசியோலி என்ற ஆய்வு மாணவர் தம்முடைய முகத்தையே பரிசோதனைக்களமாக்கினார். சவரம் செய்வது, பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பது, மறுபடி சவரம் செய்வது. விளிம்பு தேய்ந்து உருண்டு போயிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் கண்டதோ விளிம்பில் சிறுசிறு சில்லுகள் பெயர்ந்திருந்ததை. முடி சாய்ந்த கோணத்தில் பிளேடைச் சந்திக்க வேண்டும், அந்த இடத்தில் ஏற்கெனவே நுண்ணிய குறை இருக்க வேண்டும், எஃகின் உள்ளமைப்பும் அங்கே சீரற்றிருக்க வேண்டும். இவை ஒன்றுசேர்ந்தால் மிருதுவான முடிகூட எஃகைச் சில்லாக்கிவிடும். 2020இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் இது வெளிவந்தது. அப்பாவிடம் சொன்னேன். "நாலாவது நாள் சத்தம் கெட்டுப்போகும், அப்ப மாத்திருவேன்" என்றார். அவருக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

இதையெல்லாம் ஒரு ரேசரைப் புகழ்வதற்காக எழுதவில்லை. எனக்கு ஒரு குற்ற உணர்வு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் படிவ மாணவர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரியும் பரிசோதனை. ஒரு பையன் தன் அறிக்கையில், 'சுர் என்ற சத்தம் வந்தது, போகப்போகச் சத்தம் குறைந்தது, பிறகு நின்றது' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் கோடு போட்டு, 'பார்த்ததை எழுது' என்று குறிப்பு எழுதினேன். விடைத்தாளில் 'வாயுக் குமிழ்கள் வெளிப்பட்டன' என்று இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. இன்று யோசித்தால், வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் வினையின் வேகம் குறைவதை அளந்திருக்கிறான். குமிழ் எழுதிய மற்றவர்கள் வினை நடந்தது என்று மட்டுமே சொன்னார்கள். அவன் எப்படி நடந்தது என்று சொன்னான். நான் அதை அடித்துவிட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் முதலாவது உற்றறிதல். ஐம்புலன்களையும் பயன்படுத்தி உற்றறிய வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் நான்கு புலன்களை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். ஹைட்ரஜன் வாயுவைச் சோதிக்கும்போது வரும் 'பொப்' சத்தம் ஒன்றுக்குத்தான் தேர்வுத்தாளில் அனுமதி! சுவைக்கக் கூடாது என்பது சரி, ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. முகர்வதிலும் கவனம் வேண்டும். ஆனால் கேட்பதில் என்ன ஆபத்து?

வீட்டில் அம்மா கடுகு வெடிக்கும் சத்தம் அடங்குவதைக் கேட்டுத்தான் அடுப்பைக் குறைக்கிறார். கடுகுக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகித் தோலை உடைப்பதுதான் அந்தச் சத்தம், அது நின்றால் வேலை முடிந்தது. அப்பா லாரி ஓட்டிய காலத்தில் இயந்திரத்தின் சத்தம் மாறினால் மூடியைத் திறப்பதற்கு முன்பே கோளாறைச் சொல்வார். மருத்துவத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் லியோபோல்ட் ஆயன்பிரக்கர் என்ற மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன். மதுப் பீப்பாயில் எதுவரை மது இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்து அறிவார்களே, அதுபோல நோயாளியின் மார்பைத் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். இன்றும் மருத்துவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள்.

சத்தம் எப்போதும் உண்மை சொல்லும் என்று நான் வாதிட வரவில்லை. பெரிய சத்தம் நல்ல சவரத்துக்கு அடையாளம் இல்லை, முடி காய்ந்திருந்தாலும் சத்தம் பெரிதாகத்தான் வரும். ஐந்து பிளேடு ரேசரும் மோசமான கருவி அல்ல. கோணத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது, புதிதாகச் சவரம் செய்பவர்களுக்கு அதுதான் எளிது. மூன்றாம் படிவ மாணவர்கள் தாத்தாவின் ரேசரைத் தேடி அலமாரியைக் கிளற வேண்டாம், அந்த பிளேடு விரலை அறுத்துவிடும். என் குறை வேறு. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் கருவி நம்மை எதையும் கவனிக்கவிடுவதில்லை. தலை வளைந்துகொடுக்கிறது, ரப்பர் அதிர்வைக் குடிக்கிறது, நாம் வேறெதையோ நினைத்துக்கொண்டு இழுக்கிறோம். பல கருவிகளை நாம் இப்படித்தான் சத்தமில்லாமல் செய்துகொண்டு வருகிறோம். அதை முன்னேற்றம் என்றே எண்ணுகிறோம். கண் நன்றாக இருக்கும்வரை அதில் நட்டம் தெரியாது.

என்னால் தேர்வுத்தாளை மாற்ற முடியாது. என் வகுப்பின் பரிசோதனை அறிக்கையை மாற்ற முடியும். இந்த ஆண்டு 'உற்றறிதல்' பகுதியை மூன்று கட்டங்களாகப் பிரித்துவிட்டேன்: கண்டவை, கேட்டவை, கையால் உணர்ந்தவை. முதல் வாரம் இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலோர் 'சத்தம் இல்லை' என்று எழுதினார்கள். ஒருவன் 'மின்விசிறிச் சத்தம் மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் சிரிப்பு முகம் வரைந்திருந்தான். மூன்றாம் வாரம் தண்ணீர் கொதிக்கவைத்தோம். பின்வரிசை மாணவி ஒருத்தி, 'கொதிப்பதற்கு முன்புதான் சத்தம் அதிகம், கொதிக்கத் தொடங்கியதும் குறைந்துவிட்டது, ஏன் சார்?' என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள், மேலே இன்னும் சூடேறாத நீரில் பட்டு உடைந்து நசுங்கும் சத்தம் அது. விடையை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால், அடுத்த வகுப்பில் மற்றவர்களுக்கு அவளே சொல்லட்டும்.