வரி வலைக்குள் வராத கடல்

மாநில அரசின் விற்பனை வரி வசூல் உயர்ந்தால் மக்களின் பொருளாதாரமும் உயர்ந்துவிட்டது என்னும் நம்பிக்கை, பட்ஜெட் உரைகளிலும் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களிலும் கேள்விக்கு உட்படாமலே புழங்கி வருகிறது. மாநில உற்பத்தி மதிப்பு தாமதமாக வெளியாக, வசூல் எண் மாதந்தோறும் கைக்கு வந்துவிடுகிறது என்பதே இந்நம்பிக்கைக்குள்ள ஒரே நியாயம். ஆயினும், விரைந்து கிடைப்பதனாலேயே ஓர் எண் சரியானதை அளந்துவிடாது. இராமநாதபுரம் கடற்கரையில் அது பெரும்பாலும் வேறொன்றையே அளக்கிறது.

விற்பனை வரி என்பது விற்ற அளவு, விலை, வரி விகிதம் ஆகிய மூன்றின் பெருக்கல். முதலாவது குறைந்தாலும் மற்ற இரண்டும் வசூலைத் தூக்கி நிறுத்தக்கூடும். 2020 மே மாதம், ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடியிருந்தபோதுதான் தமிழ்நாட்டில் பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக்கூட்டு வரி உயர்த்தப்பட்டது. லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்தத் தொகையை வளர்ச்சி என்று எவரும் துணிந்து சொல்லமாட்டார்.

இந்தக் கடற்கரை ஈட்டுவதில் பெரும்பகுதி வரிக்கணக்கில் ஏறுவதே இல்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் இறங்கும் பச்சை மீனுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. ஏற்றுமதியாகும் இறாலுக்கு, அதன் கொள்முதலில் கட்டிய வரியும் திருப்பித் தரப்படுகிறது. வாலிநோக்கத்து உப்புக்கும், பொட்டலமிடாத கருப்பட்டிக்கும் வரி இல்லை. கடலுக்குப் போகும் படகின் டீசலுக்குக்கூட, ஒதுக்கப்பட்ட அளவுவரை விற்பனை வரி விலக்கு உண்டு. கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் மின்சாரமும் இவ்வரிக்கு வெளியே நிற்கிறது. ஆகவே மீன்பாடு பெருகினாலும் பொய்த்தாலும் அந்த எண் நேரடியாக அசைவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்த முரணை அப்பட்டமாகக் காட்டுகிறது. விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்நாள்களில்தான் கோடை விடுமுறைக் கூட்டம் இராமேசுவரத்துக்கு வருகிறது, விடுதி அறைகளும் உணவகங்களும் நிரம்புகின்றன. அந்நாள்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்க வலையும் பெயின்டும் எஞ்சின் உதிரிபாகமும், பலரும் வியாபாரியிடம் பெற்ற கடனில், வாங்கப்படுகின்றன. இவை அனைத்துக்கும் வரி உண்டு. வருமானமே இல்லாத இரண்டு மாதங்களில் மீனவர் வரி செலுத்துபவராகத் தோன்றுகிறார், கடலுக்குச் சென்று சம்பாதிக்கும் மாதங்களிலோ கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகு திரும்பாமற்போனால், அந்த இழப்புக்கு வரி ஏட்டில் பத்தி இல்லை. அதற்கு மாற்றாக வாங்கும் படகோ வசூலைக் கூட்டும்.

வரலாற்றின் கேலி ஒன்றும் இங்கே உண்டு. உப்பு வரியை எதிர்த்து 1930இல் வேதாரண்யம் நடந்த இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுசெய்வதே அதன் நோக்கம். இன்றோ, 2023-24இல் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்த சுமார் 45,800 கோடி ரூபாயில் 35,000 கோடிக்கு மேல் மதிப்புக்கூட்டு வரியாகவே வந்தது. மதுவுக்கு மாற்றாகப் பிறந்த வரி மதுவை நம்பி நிற்க, அதன் ஏற்றத்தை நலத்தின் ஏற்றமாக வாசிப்பது அறியாமை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும்.

மாவட்ட வாரியான வசூலைக் காட்டினால் சரியாகிவிடும் என்போரும் உண்டு. பல ஊர்களில் கிளை கொண்ட நிறுவனம் மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவெண்ணில் கணக்குத் தாக்கல் செய்ய இயலும் என்பதால், இராமநாதபுரத்துக் கிளையில் விற்ற சலவை இயந்திரத்தின் வரி சென்னைக் கணக்கில் சேரக்கூடும். அதை வாங்கிய பணம் கீழக்கரைக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து அனுப்பியதாக இருந்தால், எண் காட்டுவது இங்குள்ள வேலைவாய்ப்பை அன்று, அதன் இன்மையையே.

இராமநாதபுரம், 2018இல் நடுவண் அரசு தெரிவுசெய்த முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்று. இதன் நிலையை அறிய விரும்புவோர் மீன் இறங்குதளத்துக் கணக்கையும், ஊரக வேலைத்திட்டத்தில் வேலை கேட்டோரின் எண்ணிக்கையையும், கூட்டுறவு வங்கிகளின் நகைக்கடன் ஏடுகளையும் பார்க்கட்டும். நகைக்கடன் வட்டிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது.