ஆஜராகாதவரும் நியாயஸ்தலமும்

கனம் பொருந்திய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு, குற்றாலத்தில் வசிக்கும் குடிமகன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், விவாக வழக்குகளைப் பெரும்பாலும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் வழியே நடத்தச் சொன்னபோதிலும், தன் 21-ஆம் பிரிவிலே அதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கு அளித்திருப்பதனால்தான், தில்லிக்கு எழுதாமல் தங்களுக்கு இம்மடலை எழுதத் துணிந்தேன். எதிர்மனுதாரர் ஆஜராகாத நிலையில் ஒரு விவாகம் செல்லாதென்று தீர்ப்பாகும் முறையைப் பற்றியது இது.

விவாகரத்து, இருந்த தாம்பத்தியத்தை முடித்துவைக்கிறது. 12-ஆம் பிரிவின்கீழ் வரும் தீர்ப்போ அதன் அஸ்திவாரத்தையே பெயர்த்துவிடுகிறது. கூடி வாழ இயலாத ஆண்மைக் குறைவு, சம்மதம் கொடுக்க முடியாத சித்தப் பிரமை, பலவந்தத்தாலோ மோசடியாலோ பெற்ற சம்மதம், மணநாளிலேயே பிறரால் உண்டாகியிருந்த கர்ப்பம் என்று அப்பிரிவு கூறும் காரணங்களுள் எதனை எடுத்துக்கொண்டாலும், அது எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டியவருடைய மானத்தைத் தொடுவதாகவே இருக்கிறது. கடன் வழக்கில் வராதவன் பணத்தை இழப்பான். இவ்வழக்கில் வராதவர், ஊரார் முன் தலைநிமிர்ந்து நடப்பதையே இழக்கக்கூடும்.

இலஞ்சிக் குமாரர் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்ட இருவருள் ஒருவர் தென்காசி நீதிமன்றத்தில் மனுச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்மனுடன் அமீனா வருகிறார், கதவு பூட்டியிருக்கிறது, அக்கம்பக்கத்தார் தெரியாதென்கிறார்கள், நகலை வெளிக்கதவில் ஒட்டி, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரையும் குறித்துக்கொண்டு திரும்புகிறார். ஆனி, ஆடி மாதத்துச் சாரலில் அக்காகிதம் ஒரு நாள் தாங்கினால் அதிகம். பிறகு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை, 20-ஆம் விதிப்படி, எதிர்மனுதாரர் கடைசியாக வசித்த இடத்தில் வழங்கும் பத்திரிகையில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு விளம்பரம் வருகிறது. புளியரை தாண்டிப் புனலூருக்கோ, கடல் கடந்து துபாய்க்கோ பிழைப்புத் தேடிப் போனவர் அதை எங்ஙனம் காண்பார்? வாய்தா நாளில் டவாலி மும்முறை பெயரைக் கூவுகிறார், பதிலில்லை, அவர் தோன்றாத் தரப்பினராகிவிடுகிறார்.

இதனினும் எனக்கு விசனம் தருவது வேறொன்று. புக்ககத்திலிருந்து துரத்தப்பட்ட பெண்ணுக்கு அந்தப் புக்ககத்து விலாசத்தையே காட்டி மனுச் செய்தால், உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்னும் அதே கட்டளையின் 15-ஆம் விதியைக் கொண்டு, மனுதாரரின் தாயாரே கையெழுத்திட்டு அதை வாங்கி வைத்துக்கொள்ள இடமுண்டு. பிறந்தகத்தில் கண்ணீரோடு இருப்பவளுக்கு, தன் விவாகமே இல்லையென்றான செய்தி தீர்ப்புக்குப் பின்னரே எட்டும்.

எதிர்த்து வாதாடப்பட்டாலும் படாவிட்டாலும், காரணம் உண்மையென்று திருப்தி அடைந்த பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்று 23-ஆம் பிரிவு நீதிபதியின் மனச்சாட்சியைக் கட்டியிருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் மனுதாரரின் நிரூபண வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லாதபோது அத்திருப்தி எங்கிருந்து வரும்? மருத்துவப் பரிசோதனைக்கு உடன்பட மறுப்பவருக்குப் பாதகமாக அனுமானம் கொள்ளலாம் என்று 2003-இல் சாரதா எதிர் தரம்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுப்பவர் வேறு, வழக்கையே அறியாதவர் வேறு.

மனுதாரரின் துயரத்தையும் நான் மறக்கவில்லை. ஏமாற்றி மணந்துவிட்டு மறைந்துபோன கணவனால் கைவிடப்பட்ட பெண், மோசடியைக் கண்டறிந்த ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். செய்த பிறகோ, ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டுமென்று 21பி பிரிவு விதித்த காலம், நோட்டீஸ் சார்வான, அதாவது எதிர்மனுதாரரிடம் சேர்ப்பிக்கப்பட்ட, நாளிலிருந்தே எண்ணப்படுவதால், சார்வாகாத வரையில் அவளுக்குத் தொடங்குவதே இல்லை. பத்திரிகை விளம்பரத்தின் பேரில் தீர்ப்புப் பெற்றாலும் நிம்மதியில்லை: காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனம் அவ்விளம்பரத்தை முறையான சார்வாக ஏற்காததனால், அவன் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வந்து அதை நீக்கக் கோரலாம். அவள் மறுமணம் செய்து குழந்தையும் பெற்றிருக்கும் வேளையில் அது நேர்ந்தால் யார் பரிகாரம் சொல்வது? ஆகவே சம்மனை உள்ளபடி சேர்ப்பிப்பது இருவருக்குமே ரட்சை.

எனவே, எதிர்மனுதாரரின் பெற்றோர் வீடு, தொழில் செய்யும் இடம், கைப்பேசி எண் ஆகியவற்றைத் தாம் அறிந்த அளவில் மனுதாரர் பிரமாணத்தின் பேரில் தெரிவிக்க வேண்டும் என்றும், மனைவிக்கான நோட்டீஸ் அவளுடைய பிறந்தகத்துக்கும் போக வேண்டும் என்றும், மனுதாரரின் உறவினர் வாங்கியது சார்வாகாது என்றும் தாங்கள் விதி வகுக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், மின்னஞ்சலோடு வாட்ஸ்அப் வழியாகவும் நோட்டீஸ் அனுப்ப உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்ததே. அதை விவாக வழக்குகளில் நிரந்தரமாக்கத் தடையென்ன? இவ்வளவுக்குப் பின்னும் ஆள் கிடைக்காவிடில், தோன்றாத் தரப்பினராக்குமுன், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் நேரில் விசாரித்து, குறித்த காலத்துக்குள் அறிக்கை தரட்டும். கதவில் ஒட்டிவந்த அமீனாவையும் நீதிபதி பிரமாணத்தின் பேரில் விசாரிக்கட்டும்.

இவ்விதிகளைத் தங்கள் விதிக்குழுவின் முன் வைத்து, அடுத்த சாரலுக்குள் ஒரு முடிவு காணுமாறு பணிந்து வேண்டுகிறேன்.